பாதி எட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது தார்த்தரையில் ஒரு கறுப்பு வட்டம். வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரே வட்டம் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வட்டங்கள். நடுவில் ஒரு எண்ணெய் டிரம். டிரம்மைச் சுற்றித் தரை முழுக்க டயர் ரப்பர் தூள்தூளாகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு டிரம் நின்றது. அதைச் சுற்றி ஒரு கோடுகூட இல்லை.

கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில் பிரிந்து, ராகி வயல்களைத் தாண்டினால் வருகிற லேஅவுட் அது. விளக்குக் கம்பம் நட்டு, மனைகளுக்கு மஞ்சள் கல் ஊன்றிப் பல வருடமாகியும் ஒரு வீடுகூட எழும்பவில்லை. கடைகள் வரும் என்று சொல்லி நடுவில் பெரிய இடத்துக்கு மொத்தமாகத் தார் போட்டு வைத்திருந்தார்கள். கர்நாடகப் பதிவெண் போட்ட கார்கள் அங்கே வந்து பந்தயம் கட்டிச் சுற்றுவதாக ஒரு வாசகர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் ஒரு நாளிதழின் ஓசூர் செய்தியாளர். தம்பியை மாதா கோயில் பூசைக்குக் கூப்பிட்டேன், நைட் ஷிப்ட் முடிந்து வந்ததாகச் சொல்லிப் படுத்துவிட்டான். போகிற வழியில் இதைப் பார்த்துவிட்டு முதல் பூசைக்குப் போகலாம் என்று வந்திருந்தேன்.

வாட்ச்மேன் கொட்டகையிலிருந்து வந்தார். தெலுங்குக்காரர். தமிழைத் தெலுங்கு ராகத்தில் பேசுவார்.

“எத்தன கார் வருதுங்க?”

“கார்ங்களா? ஒண்ணுதான் மேடம். வெள்ளக் கார். குள்ளமா இருக்கும், ரெண்டே கதவு. வெடியகாலைல வந்து சுத்தும். வண்டி சறுக்குதா, சறுக்க வுடறாரான்னு எனக்குத் தெரியல. கேட்டா சிரிக்கிறாரு.”

“கர்நாடகா நம்பரா?”

“ஆமா. ஆனா ஆளு நம்ம ஊரு. உங்க மூஞ்சி ஜாடைதான்.”

வெள்ளை, இரண்டு கதவு, கர்நாடகப் பதிவெண். வாசகர் சொன்ன கார்கள் மொத்தமும் ஒரே கார்தான். அது எங்கள் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றிருந்தது.

தம்பி ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநர். புது பிரேக் எந்த வண்டியில் பூட்டினாலும் அதை முதலில் அழுத்திப் பார்க்கும் கால் அவனுடையது. எங்கள் பூர்வீகம் சிங்காரப்பேட்டைப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து, வீட்டில் நான் கீழே, அவன் மாடியில். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை பெங்களூரில் வாங்கி வந்து, பதிவெண்ணை மாற்றச் சோம்பல்பட்டு வைத்திருந்தான். அதன் கதவை நான் சாத்தினால்கூட, “மெதுவாக்கா” என்பான். அப்படிப்பட்டவனிடம் அன்று காலை லேஅவுட்டைப் பற்றிக் கேட்டேன். மறுப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“ஆமா, டிரிஃப்ட் பண்றேன்” என்றான். “எழுதப் போறியா?”

“எழுதறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும்ல.”

“அப்ப நீயே வந்து கத்துக்க. ஓட்டிப் பாத்துட்டு எழுது.”

இவ்வளவு சுலபமாக ஒருவர் கதவைத் திறந்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட ஏன் திறந்தார் என்றுதான் முதலில் யோசிப்பேன். தொழில் அப்படி. நாற்பதைத் தாண்டிய அக்காவுக்கு, கியர் மாற்றும்போது இன்னமும் குனிந்து பார்க்கிறவளுக்கு, தன் காரைக் கொடுத்துச் சறுக்கக் கற்றுத்தர அவனுக்கு என்ன தேவை? காரணம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் காரோடு நின்றான். பின் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஹெல்மெட்டும் ஒரு தீயணைப்பான் சிலிண்டரும் கிடந்தன.

டிரிஃப்ட் என்பது பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, அந்த வழுக்கலை நிற்காமல் பிடித்து வைத்திருப்பது. கிளட்ச்சை ஒரு மிதி மிதித்து விட்டால் பின்பக்கம் உதறிக்கொண்டு வெளியே போகும். உடனே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் விட வேண்டும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் டயர் சட்டென்று தரையைப் பிடித்துக் காரை மறுபக்கம் எறியும். அதிகம் கொடுத்தால் கார் தன்னையே சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே காலடியில் ஒரு நூலிழை இடம் இருக்கிறது. அங்கே காலை வைத்திருக்கும் வரை கார் பக்கவாட்டில் போகும்.

பார்வைதான் விசித்திரம். காரின் மூக்கு ஒரு பக்கம் இருக்கும், கார் போவது இன்னொரு பக்கம். வலது வட்டம் போடும்போது மூக்கு வலப்பக்கம் உள்ளே திரும்பியிருக்கும், கார் இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். ஆகவே முன்கண்ணாடியைப் பார்த்துப் பயனில்லை. பக்கத்து இருக்கையைத் தாண்டி இடது ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். இடது வட்டத்தில் இதற்கு நேர்மாறு. தன் பக்கத்து வலது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம். ஒரு டிரம்மை இடது வட்டமாகச் சுற்றி, அப்படியே அடுத்த டிரம்முக்கு மாறி வலது வட்டமாகச் சுற்றினால் எட்டு. லைசென்ஸுக்கு பைக்கில் போடும் அதே எட்டு. இங்கே நான்கு சக்கரத்தில், பக்கவாட்டில்.

முதல் ஞாயிறு என் கையில் கார் மூன்று முறை தன்னைத்தானே சுற்றி நின்றது. ஒருமுறை ஒரு மஞ்சள் கல்லுக்கு ஒரு முழம் முன்னால். மூடாத சாக்கடைக் கால்வாய் அந்தக் கல்லுக்கு அடுத்து ஓடுகிறது.

“ஸ்டீயரிங்க பிடிச்சுத் தொங்காதக்கா. பஸ்ல கம்பியா அது? வுடு, தானா திரும்பும்.”

“கல்லு வருதுடா.”

“கல்லப் பாத்தா கல்லுக்குத்தான் போவும். போவ வேண்டிய எடத்தப் பாரு.”

அவன் இடது வட்டம் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கை அசைவது தெரியவில்லை. முகம் முழுக்க வலது ஜன்னலில். டிரம்மிலிருந்து ஒரே தூரம், சுற்றுக்குச் சுற்று அதே தூரம். நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் ஐந்தாறு சுற்று முடிந்ததும் அடுத்த டிரம்முக்குப் போகவில்லை. நிறுத்திவிட்டு, “அது நீ பழகு” என்றான்.

எனக்கு வலது வட்டம் மட்டுமே சொல்லிக் கொடுத்தான். ஏன் என்றேன். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சுலபம் என்றான். வட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது பொய் என்று தெரியும். பக்கத்து ஆளைத் தாண்டிப் பார்ப்பது சுலபமாக இருக்க முடியாது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் என் கண்ணில் வேறு சிலவும் பட்டன. டயருக்குக் காற்று பார்க்கும்போது, உறையை மடிக்கும்போது, ஏதோ எழுத்துகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான். “இ. எஃப் பி. டி ஓ இசட். எல் பி இ டி.” என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். பந்தயக்காரர்களின் குறிச்சொல் என்று நினைத்தேன். போனில் யாரோடாவது பேசினால் கவனித்தேன். தொழிற்சாலை விஷயம்தான் பேசினான். எனக்கு அதுவும் திருப்தியாக இல்லை.

பிறகு என்னை இடது இருக்கையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னான். “டிரம்மு எவ்ளோ தூரம், கல்லு எவ்ளோ தூரம், ஆளு நாயி எதுனா வருதா, சொல்லிக்கிட்டே வா. நிறுத்தாம சொல்லு.”

“நீதான் ஓட்டற. நீயே பாக்கறதுதானே?”

“ரேஸ்ல எல்லாம் பக்கத்துல ஒருத்தர் சொல்லுவாங்கக்கா. தெரியாதா உனக்கு? பேப்பர்ல இருக்க.”

அன்று முதன்முறையாக அவன் வலது வட்டத்தை எடுத்தான். முதல் சுற்றில் நான் தூரம் சொன்னேன். இரண்டாவது சுற்றில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல விட்டுப்போயிற்று. அவன் என் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தான். தாடை தோளில் முட்டும் அளவுக்கு. அப்படியும் கார் வட்டத்தை விட்டு வெளியே போனது. பின்சக்கரம் மஞ்சள் கல்லில் மோதியது. கல் பெயர்ந்து கால்வாய்க்குள் விழுந்தது. அந்த அதிர்ச்சியில் என் பக்கத்து வெளிக்கண்ணாடி கழன்று ஒயரில் தொங்கியது.

இறங்கிப் பார்த்தோம். சக்கரம் வளைந்திருந்தது.

“சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

“உனக்குக் கல்லு தெரியலையா?”

ஜாக்கியை எடுக்கப் போனான். போகும்போது திறந்திருந்த கதவின் முனையில் இடது தோளை இடித்துக்கொண்டான்.

வாட்ச்மேன் வந்து கல் இருந்த குழியைப் பார்த்தார். “ஓனர் கேட்டா மாடு முட்டிச்சுன்னு சொல்றேன்” என்றார். பிறகு இரண்டு டிரம்மையும் காட்டினார். ஒன்றைச் சுற்றித் தம்பியின் கறுப்பு வட்டங்கள். மற்றதைச் சுற்றி, விட்டுவிட்டு, கோணலாக, என்னுடையவை. “தம்பிக்கு ஒரு டிரம்மு, அக்காவுக்கு ஒரு டிரம்மு. பாகம் பிரிச்சிக்கிட்டீங்களா மேடம்?”

தம்பி சிரித்தான். எனக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. நான் வராத நாட்களில் அவன் தனியாக வருகிறான் என்று தெரியும். அந்த நாட்களிலும் என் டிரம்மைச் சுற்றிப் புதுத் தடம் விழவில்லை.

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொன்னது எதற்கென்று அந்த வாரமே தெரிந்தது. தொழிற்சாலையில் ஃபேமிலி டே. தொழிலாளர்கள் வீட்டாரோடு வருவார்கள். லாரிகள் நிற்கும் மைதானத்தைக் காலி செய்து, தம்பி தன் காரில் எட்டுப் போட்டுக் காட்டுவது என்று நிர்வாகத்தில் முடிவாகியிருந்தது.

“நீ என் பக்கத்துல உக்காரணும்” என்றான்.

“நான் எதுக்கு? உன்கூட வேல செய்யறவங்க யாராச்சும் உக்காரட்டும்.”

“அவங்களுக்குப் பயம். நீ பயப்பட மாட்ட.”

மூன்று முறை சுழன்று, ஒரு கல்லிலிருந்து தப்பி, ஒரு கல்லில் மோதிய பிறகு நான் பயப்பட மாட்டேன் என்று அவன் நினைக்க வாய்ப்பே இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டம். கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். படிக்கும் கண்ணாடி மங்கிப் பல நாளாகியிருந்ததால், கூட்டம் முடிந்து ஒரு கண் மருத்துவரிடம் போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டைக்கு விளக்கைப் போட்டார்கள். மேலே பெரிதாக இ. அதற்குக் கீழே எஃப் பி. அதற்குக் கீழே டி ஓ இசட்.

“படிங்கம்மா” என்றார் மருத்துவர்.

படித்தேன். நான்காவது வரிக்கு வந்தபோது சுவரைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

பிறகு அவர் கண்ணில் அழுத்தம் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது என்றேன். கடைசி வருடங்களில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

“அவருக்கு எப்படித் தெரிய வந்துச்சு?”

“ரொம்ப லேட்டாத்தான் டாக்டர். நடக்கறப்போ கதவுல இடிச்சுப்பாரு. வயசுன்னு விட்டுட்டோம்.”

“அதான் இதுல கஷ்டம். நேரா இருக்கறது ரொம்ப நாள் தெரியும். ஓரத்துலேர்ந்துதான் போகும். உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்ல. கூடப் பொறந்தவங்க இருந்தா பாக்கச் சொல்லுங்க.”

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். சூளகிரி தாண்டும்வரை இரண்டு டிரம்மும் கண்ணிலேயே நின்றன. பந்தயமும் இல்லை, குறிச்சொல்லும் இல்லை. நான் சந்தேகப்பட்டதெல்லாம் தப்பு. ஆனால் சந்தேகப்பட்டது தப்பில்லை.

ஞாயிறு அவனிடம் எதுவும் கேட்காமல் காரில் ஏறினேன். லேஅவுட்டில் இறங்கி, அவன் ஃபேமிலி டே பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டை எடுத்து அவன் வலது கன்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெதுவாக உயர்த்தினேன். உடனே திரும்பி, “என்ன?” என்றான். “ஒண்ணுமில்ல” என்றேன். சற்று நேரம் கழித்து இடது பக்கம் போய் நின்று அதே போல உயர்த்தினேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். மைக், பாட்டு, கயிறு கட்டுவது. ஹெல்மெட் அவன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது.

“எப்போலேர்ந்துடா?”

“எது?”

“இ. எஃப் பி. டி ஓ இசட்.”

திரும்பினான். ஹெல்மெட்டைப் பார்த்தான்.

“பேப்பர்காரிக்கு வண்டி காட்டினது என் தப்பு” என்றான்.

“டாக்டர்கிட்ட போனியா?”

“பெங்களூர்ல காமிச்சேன். எடது கண்ணு. ஓரம் போயிடுச்சு, இப்ப நேராவும் மங்கல். அப்பாவுக்கு வந்ததுதான். மருந்து போடறேன். போனது திரும்பாதாம், இருக்கறதக் காப்பாத்தலாமாம்.”

“ஆபீஸ்ல?”

“சொன்னா அன்னிக்கே வண்டிலேர்ந்து எறக்கிடுவாங்க. வண்டிய வுட்டா எனக்கு வேற என்னக்கா தெரியும்?”

“மெடிக்கல் செக்கப் வருமே.”

“அடுத்த மாசம். அது ஒரு மேட்டரே இல்ல. வருஷா வருஷம் அதே வேன், அதே அட்ட. எங்க டிபார்ட்மெண்ட்ல சோடாபுட்டி போட்டவன்கூட கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவான்.”

“அப்ப ஃபேமிலி டேக்கு நான் உன் எடது கண்ணா?”

“ஒரு நாளைக்குத்தான் கேட்டேன். நீ வண்டி எப்படிப் போவும்னு தெரிஞ்சவளா இருந்தாத்தான் சரியா சொல்லுவ. அதுக்குத்தான் கத்துக் குடுத்தேன்.”

“போன வாரம் சொல்ல மறந்தேன். கல்லு போச்சு.”

“இனிமே மறக்க மாட்ட.”

“நான் உக்கார மாட்டேன்.”

“அப்ப தனியா ஓட்டறேன். மாட்டேன்னு இப்பப் போய்ச் சொன்னா ஏன்னு கேப்பாங்க.”

“ஜனங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?”

“ரெண்டு பக்கமும்தான். கயிறு கட்டிடுவாங்க.”

நான் நடந்து போய் என் டிரம்முக்கு அப்பால், வட்டத்துக்கு வெளியே, கயிறு வரும் என்று தோன்றிய இடத்தில் நின்றேன். பக்கத்தில் கல் பெயர்ந்த குழி.

“போடுடா எட்டு” என்றேன்.

“அக்கா, வெளையாடாத. வா இந்தப் பக்கம்.”

“அன்னிக்கு நிக்கப் போறவங்களுக்குப் பதிலாத்தான் நிக்கறேன்.”

வாட்ச்மேன் கொட்டகை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “மேடம், உங்க பாகத்துல நின்னுக்கிட்டு உங்களுக்கே ஆபத்து தேடாதீங்க.”

தம்பி காரில் ஏறினான். எஞ்சின் உறுமியது. முதல் டிரம்மை இடமாகச் சுற்றினான். டயர் கீச்சிட்டு வெள்ளைப் புகை எழும்பி, ரப்பர் கருகும் வாடை என் வரைக்கும் வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. டிரம்முக்கும் காருக்கும் எப்போதும் போல ஒரே தூரம். மூன்றாவது சுற்றில் வட்டத்தை உடைத்துக்கொண்டு நேராக என் பக்கம் வந்தான். மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது, பின்பக்கம் வெளியே உதறியது. கார் பக்கவாட்டில் என்னைப் பார்த்துச் சரிந்தது. இடது ஜன்னலில் யாரும் இல்லாத இருக்கையும், அதற்குப் பின்னால் அவன் முகமும் தெரிந்தன. கண் என்னைத் தேடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்துக்கும் டிரம்முக்கும் நடுவே, யாரும் இல்லாத இடத்தில்.

பிரேக் அடித்தான். கார் டிரம்முக்கு முன்னால் குறுக்காக நின்று, எஞ்சின் அணைந்தது.

நான் நகரவில்லை. அவன் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, காரின் முன்பக்கத்தைச் சுற்றி, பானெட்டைக் கையால் தொட்டுக்கொண்டே வந்து, இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

“எங்க நின்ன?” என்றான்.

கையைக் காட்டினேன். அங்கே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“வூட்டுக்குப் போலாம். நீ ஓட்டு.”

பரிசோதனை வேன் வந்த அன்று இடது கண்ணுக்கு இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டதாகவும், ஓரம் தெரியாததையும் சொல்லிவிட்டதாகவும் அவனே சொன்னான். நான் நம்பவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று கிருஷ்ணகிரி நாற்காலியில் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த ஃபேமிலி டேவுக்குச் செய்தி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். லாரி மைதானத்தில் காரை நிறுத்திச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். குழந்தைகள் வரிசையில் நின்று அதன்முன் படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி கயிற்றுக்கு வெளியே நின்று, “தொடாத, தொடாத” என்று சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய நாடாவைப் பார்த்தேன். சோதனை ஓட்டுநர்களுக்குச் சிவப்பு. அவனுடையது நீலம். உதிரிபாகங்களை மேசையில் வைத்து அளந்து பார்க்கும் பிரிவின் நிறம் அது.

இப்போது அவன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். எங்கள் தெருமுனைக்கு அது காலை ஆறு நாற்பதுக்கு வரும்.